பக்கவாட்டில்

பதினோரு வருஷம் நீர்மூழ்கி மோட்டார் விற்றேன்,
மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை வரை.
ஊர் பேர் சொன்னால் போதும்,
எத்தனை அடியில் தண்ணீர்
எத்தனை அடிக்குக் கீழே உப்பு
சொல்லிவிடுவேன்.

இப்போது அரிசி பிரிக்கும் இயந்திரம்.
பதவி அதே. சம்பளம் அதே.
பெட்ரோல் படி மட்டும் முந்நூறு கூட.
"மேலயா போற?" என்றான் மச்சான் இளஞ்சேரன்.
இல்ல, பக்கத்துல, என்றேன்.
அப்புறம் அவன் மீன் விலை பேசினான்.

முதல் டெமோ கூத்தாநல்லூரில்,
ஹாஜா மைதீன் மில்.
கேட்லாக்கைப் பிரிக்கும் முன்னே
"வீட்டு போர் மோட்டார் ரெண்டு நாளா உறுமுது" என்றார்.
பாய், நான் இப்ப அந்தக் கம்பெனி இல்ல.
"கம்பெனிகிட்டயா நான் வாங்குனேன்?"

மில்லுக்குப் பின்னால் போய்
புதுச் சட்டையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன்.
கெப்பாசிட்டர் உப்பியிருந்தது.
பையின் அடியில் ஒன்று கிடந்தது,
பழைய ஆபீஸில் ஒப்படைக்க மறந்தது.

பிறகுதான் அரிசி ஓடியது.
கேமரா பார்க்க, காற்று ஒரு சொடுக்கு,
கறுத்த மணி மட்டும் வரிசை விட்டுப்
பக்கவாட்டில் தெறித்தது.
வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது
மணிக்கு இத்தனை டன், இத்தனை சதவீதம்.
கண் கழிவுத் தொட்டியிலேயே இருந்தது.

பாய் அதில் கைவிட்டு அள்ளினார்.
உள்ளங்கையில் பரப்பி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி,
"இதுல பாதி நல்லரிசிப்பா.
மறுபடி ஓட்டு."

ஓட்டினேன்.
விலை இன்னும் பேசவில்லை.
பின்னால் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம்.
யாரோ ஓடினார்கள், நிறுத்த.