ஏழாவது தெருவுக்குத் தண்ணீர் ஏறும் நேரம்

கொலுசு மாளிகை கோதண்டபாணியைத் தெரியாத பிள்ளை
இந்த ஏற்காடு அடிவாரத்தில் கிடையாது.
உள்ளூர் சேனலில் மணிக்கு நான்கு தடவை
இரண்டு கையிலும் கொலுசைக் குலுக்கி
'சேதாரம் இல்லீங்க, சேதாரமே இல்லீங்க' என்று
தங்கப்பல் தெரியச் சிரிப்பாரே, அவர்தான்.
பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கிறார்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒன்று, ஐந்து ரோட்டில் ஒன்று,
ஆத்தூரில் ஒன்று, ராசிபுரத்தில் ஒன்று,
ராசிபுரத்தை மட்டும் மூடிவிட்டார்.
'நாலு கடை நடத்துனவருக்கு
ஏழு தெரு நடத்தத் தெரியாதா?'
ஆட்டோ கத்திக்கொண்டு போகிறது.
எனக்கும் அப்படித்தான் பட்டது.
போன தலைவருக்குக் கடை எதுவும் இல்லை,
தெருவிளக்கு பல்பைத்தான் விற்றார்.

நேற்று டேங்க் அடிக்கு வந்தார்.
என் தோளில் கை. செல்போன்கள் படம் எடுத்தன.
'மொத்தம் எத்தனை இணைப்பு?'
முன்னூற்றுப் பன்னிரண்டுங்க.
'வரி கட்றது?'
நூற்றெண்பது, கூடக்குறைய.
'ஏழாவது தெரு?'
அங்கே யாரும் கட்டுவதில்லை.
மேட்டுத் தெரு. ராத்திரி இரண்டு மணிக்கு
மற்ற வால்வையெல்லாம் அடைத்தால்தான் ஏறும்.
கரன்ட் பில்லில் பாதி அந்த ஏற்றத்துக்கே.
'ராசிபுரம் மாதிரி' என்றார்,
என்னிடம் இல்லை, தனக்குத்தானே.

பிறகு அண்ணாந்து பார்த்து ஒன்று கேட்டார்:
'நிரம்பி வழியிற தண்ணி எங்க போகுது?'
பதினோரு வருஷத்தில் ஒருத்தரும் கேட்காதது.
பி.டி.ஓ. கேட்டதில்லை. நானே கேட்டதில்லை.
ஓடைக்குங்க.
'சேதாரம்' என்றார். பல் தெரியவில்லை.

அதுதான் தூங்கவிடவில்லை.
நல்ல கேள்வியும் அவரிடம்தான் இருக்கிறது,
ராசிபுரமும் அவரிடம்தான் இருக்கிறது.
அங்கே ஷட்டரை இறக்கியதும்
வாங்க வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.
ஏழாவது தெருவுக்கு
எதிர்க்கடை எங்கே?

இரண்டு மணிக்கு வால்வைத் திருகிவிட்டு
மேட்டுக்கு நடந்தேன்.
குழாயடியில் நீல டிரம்மோடு பாவாயி அக்கா,
தலைக்கு மேல் சுவரில் அவர் சிரிக்கிறார்.
'ஓட்டு யாருக்குக்கா?'
'அவர் கடைக் கொலுசு நெசமாவே நல்ல கொலுசு, தம்பி.
அடகுக்கடையில நிறுத்தப்ப
சொன்ன எடை அப்படியே இருந்துச்சு.'
'அப்ப அவருக்கா?'
'இரு' என்றாள்,
குழாயில் காதை வைத்து.

உள்ளே வெறும் காற்று
இருமிக்கொண்டு ஏறியது.