மூவாயிரத்து அறுநூறு

பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி. ஷட்டர் பாதி இறக்கியாயிற்று.
மெல்ரோய் கொண்டுவந்த மதர்போர்ட்டுக்கு ஏழு வயது.
புறொசெசர் போன கிழமைதான் டுபாயிலிருந்து
மச்சானின் சப்பாத்துக்குள் வந்தது.
புது போர்ட் விலை கேட்டான்.
சொன்னேன்.
"அப்ப இதிலயே கொழுவுங்கோ அக்கா."

பயோஸ் ஏறிய நாலு நிமிடமும்
மின்சார சபையைத் தவிர எனக்கு வேறு தெய்வமில்லை.
கரண்ட் போகவில்லை.

றாமின் பொன் பற்களில் கடற்காற்றின் பச்சை.
பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்தேன்.
மூவாயிரத்து இருநூறில் ஓடிற்று;
அவன் கண் அறுநூறில்.
வோல்டேஜ் ஒரு பொட்டு, இன்னொரு பொட்டு.
மூன்றாம் சுற்றுச் சோதனையில்
கோடிக்கணக்கான சரிகளுக்கு நடுவே
ஒரு பிழை.
"ஒண்டுதானே?"
அது யாருடைய கலியாண வீடியோவில் விழுமோ, தம்பி.

அடுத்த எட்டில் திரை கறுத்தது.
விசிறி சுற்றுகிறது, படம் இல்லை.
பட்டன் பட்டரியைக் கழற்றி
உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.
கீழே காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்
ஆள் கூப்பிட்டது.

திரும்பி எழும்பியபோது போர்ட்டுக்கு எல்லாம் மறந்திருந்தது,
நாங்கள் கொடுத்த வேகம், துணிவு.
திகதி மட்டும் காட்டியது: 2017, தை ஒன்று.
அன்றைக்கு இந்தப் புறொசெசர் பிறக்கவே இல்லை.
ஆனாலும் இரண்டும்
ஒரே சூட்டில் பேசிக்கொண்டிருந்தன.

நானூறில் விட்டேன்.
மெல்ரோய் காசு எண்ணினான்.
நான் வருஷத்தை ஒவ்வொன்றாக அமத்தினேன்:
பதினெட்டு,
பத்தொன்பது. இதில் அவனும் எண்ணுவதை நிறுத்தினான்.
இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு.
விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு அமத்தினேன்.