அறுந்த கேபிள்

பீடோர் தாண்டி மூன்றாங்கல் வளைவில்
குலை ஏற்றிய என் லோரியின்
மீட்டர் கேபிள் அறுந்தது.
ஊசி விழுந்தது, எண் நின்றது:
999983.

செம்பனை ஆலை வாசலில் எனக்கு முன்னால் ஒன்பது லோரி.
பில்லின் பின்பக்கம் வகுக்கத் தொடங்கினேன்.
ஏழுக்கு ஐந்து மீதி. பதின்மூன்றுக்குப் பத்து.
ஆயிரம் வரை போனால் போதும்,
அதற்குள் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு.
நான்கு நாள். பதினொரு பில்.
கடைசியில் 997. மீதி 989.
இன்னும் ஓர் எட்டு இருந்திருந்தால்
வகுபட்டிருக்கும்.
இல்லை.

இதற்கப்பால் பூச்சியங்கள் வரை
எல்லாமே உடையும்.
ஆறு ஒன்பதும் சேர்ந்து நிற்கும் அந்தக் கடைசி எண்
மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தேழு என்று
கேட்டவனுக்கெல்லாம் பங்கு கொடுக்கும்,
என் சம்பளத்தைப் போல.

"கேபிள் எண்பது வெள்ளி," என்றான் பட்டறை ஆ லியோங்.
"மாட்டிப் பதினேழு கிலோமீட்டர் ஓட்டு மாசிலா,
எல்லாம் பூச்சியம். புது வண்டின்னு வித்துடலாம்."
பதினேழும் பகா எண்தான்.
அவனிடம் சொல்லவில்லை.

தோட்டத்துக்கும் ஆலைக்கும் தினம் மூன்று நடை,
மீட்டரில் அதே எண்.
ஜூனில் வண்டிப் பரிசோதனை வருகிறது.
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.