மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம்

பேர்த்துக்கும் சிட்னிக்கும் இடையில்
மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்.
சொச்சம் எவ்வளவென்று
நீதிமன்றத் தாளில் இல்லை.
தாளில் இருப்பது இரவுகளின் கணக்கு:
பள்ளி விடுமுறைக்கு எனக்கு ஏழு.

போக நாலு மணித்தியாலம்.
வர ஐந்து.
தூரம் ஒன்றுதான்.
ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்,
இங்கே பிள்ளை பறக்கிறது.
மேற்கிலிருந்து ஓடும் காற்று
அவளைத் தாயிடம் தள்ளிக்கொண்டு போகும்,
என்னிடம் வரும்போது
நெஞ்சில் கைவைத்து மறிக்கும்.

தொழிலால் எனக்கு இது தெரியும்.
விமானங்களுக்கு எண்ணெய் நிரப்புகிறவன் நான்.
கிழக்கே போவதற்குக் குறைத்து ஊற்றுவோம்.
சிட்னியில் என்னைப்போல் ஒருத்தன்
ஆரபி ஏறிவரும் விமானத்துக்கு
இரண்டு தொன் கூடுதலாக ஊற்றியிருப்பான்,
யாருக்கென்று அறியாமல்.

புதன்கிழமை அவள்
வரைபடத்தில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டாள்.
பாதி வழி மரமில்லா வெளி.
விமானம் இப்படி நேராய்ப் போகாது,
தெற்கே வளைந்து கடலுக்கு மேலால் போகும் என்றேன்.
"அப்ப ஏன் படத்தில நேரா இருக்கு?"
பதில் தெரிந்தும் தேநீர் போட எழும்பினேன்.

இன்றைக்கு எனக்கு விடுப்பு.
கண்ணாடிக்கு அப்பால், கீழே,
ரொமெல் இறக்கையில் குழாயைப் பூட்டிவிட்டு
அண்ணாந்து கையசைக்கிறான்.
அவளும் அசைக்கிறாள்.
நான் படிவம் நிரப்புகிறேன்.
ஒப்படைப்பவர்: தந்தை.
பெற்றுக்கொள்பவர்: தாய்.
பொதிக்கும் இப்படித்தான் எழுதுவார்கள்.

கழுத்தில் மஞ்சள் நாடா. எட்டு வயது.
கதிரையில் காலாட்டியபடி
மண்டரின் தோலை ஒவ்வொன்றாய் அடுக்கி
எதையோ எண்ணிக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"அம்மாட்டப் போக ஆறு மணித்தியாலம் அப்பா.
பதினொண்டுக்கு ஏறினா அஞ்சுக்குத்தான் இறங்குவன்.
உங்களிட்ட வர மூண்டுதான்.
ஒன்பதரைக்கு ஏறினன், பன்னிரண்டரைக்கு வந்திட்டன்.
நீங்கள்தான் கிட்ட."

அங்கே மணிக்கூடு இரண்டு மணித்தியாலம் முந்தி ஓடுது பிள்ளை,
என்று தொடங்க வாயெடுத்தேன்.
அவளுடைய சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தது.
குனிந்து கட்டினேன்.
மற்றதையும் அவிழ்த்து
இன்னொருமுறை கட்டினேன்.

சில்லுகள் நிலம்விட்டு எழும்பும்வரை
ஒப்படைத்தவர் போகக்கூடாது, அது விதி.
எழும்பின பிறகும் நின்றேன், அதற்கு விதியில்லை.
ரொமெலின் செய்தி வந்தது:
நல்ல பின்காற்று, வெள்ளனப் போய்ச் சேரும்.
நல்ல சேதி சொல்கிறான் அவன்.
கட்டைவிரல் படமொன்று அனுப்பினேன்.

வீட்டில் மூன்று அடிக்க முன்னம்
போன் அதிர்ந்தது:
இறங்கிவிட்டாள்.
மேலதிகமாய் ஒரு சொல் இல்லை,
கௌசி எப்போதும் அப்படித்தான்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
மகளின் கணக்கில்
ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடந்தது.
அதுவரை அவள்
கடலுக்கு மேலேதான் எங்கோ இருந்தாள்,
ஒருவரிடமும் போய்ச் சேராமல்.