ஏழு எழுத்து

ஆஸ்பத்திரி ஆபீஸ் பையன் நீட்டிய தாளில்
இருபது ஷீல்டுக்கான வாசகம்.
மே பன்னிரண்டுக்குள் வேண்டுமாம்.
பதினேழாவது வரியில் அந்தப் பெயர்:
அமலோற்பவம், டயாலிசிஸ் பிரிவு,
சிறந்த சேவைக்காக.

டவுன்ஹால் ரோட்டுச் சந்தில்
பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டுகிறவன் நான்.
எழுத்துக்கு நாலு ரூபாய்.
கமாவுக்கும் புள்ளிக்கும் காசில்லை.
வலது கை என் பிழைப்பு.
இடது கை சிஸ்டர் பொறுப்பு.

செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறரை.
ஆறாம் நம்பர் நாற்காலி.
கயிறு போலப் புடைத்த ரத்தக்குழாயில்
மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடுவார்.
உள்ளே ஓர் இரைச்சல் ஓடும்,
என் வெட்டுமெஷின் இரைச்சல் போலவே.
"ஓடுதுண்ணே" என்பார்.
அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அன்றைய பொழுது விடியும்.

எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில்
நீர்மோர்ப் பந்தல் ஒன்றையும் விடவில்லை நான்.
மறுநாள் எடைமெஷின் காட்டிக்கொடுத்தது:
மூணு கிலோ எண்ணூறு.
திட்டவில்லை.
கணுக்கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தபடி
"எத்தனை பந்தல்?" என்றார்.
"அஞ்சு."
"பானகமும் சேர்த்தா?"
பொய் சொல்ல வாய் வரவில்லை.
மூன்றாம் மணியில் கெண்டைக்கால் சுருட்டி இழுக்க,
என் பாதத்தைத் தன் இடுப்பில் முட்டுக்கொடுத்து நின்றார்.
மேஜையில் திறந்த டிபன் பாக்ஸ்
திறந்தபடியே ஆறியது.

கோடைமழை அடித்த ஒரு சாயங்காலம்
கரண்டு போனது, ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது,
மெஷின் பேட்டரிகளும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின.
எங்கள் ரத்தம் பாதி குழாயில், பாதி உடம்பில்.
சிஸ்டர் இரண்டு மெஷினுக்கு நடுவே நின்று
இரண்டு கையாலும் பம்பைச் சுற்றினார்,
இட்லிக்கு ஆட்டுகிறவள் போல, நிதானமாக.
துடைக்கிற தவசியிடம் ஒன்று, எலக்ட்ரீஷியனிடம் ஒன்று.
"பதறாமச் சுத்துங்க, அவங்க உசுரு அதுல இருக்கு"
என்றது அவர்களிடமா, தன்னிடமா, தெரியாது.
பிறகு வெளிச்சம் வந்தபோது
அவர் இரண்டு உள்ளங்கையும் கொப்புளம்.

புதிதாக வந்த நஸ்ரின்
என் கையில் இரண்டு தடவை ஊசி தவறவிட்டு
தண்ணீர் பிளாண்ட் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டாள்.
சிஸ்டர் போய்க் கூட்டிவந்தார்.
உள்ளே என்ன பேசினாரோ.
"அண்ணே, இன்னொரு தடவை கை குடுப்பீங்களா?
இவளுக்காக இல்ல, எனக்காக."
குடுத்தேன். வலித்தது. ஏறியது.
இப்போது நஸ்ரின் குத்தினால் கொசு கடித்த மாதிரிதான்.

ஐந்தாம் நம்பர் உசிலம்பட்டிக்காரர்
ஒரு வியாழக்கிழமை வரவில்லை.
போனில் மகன் சொன்னதைக் கேட்டுவிட்டு
தவசி கையிலிருந்த துணியை வாங்கி
அந்த நாற்காலியை அவரே துடைத்தார்,
கைப்பிடி, கால் பலகை, சக்கரம் வரைக்கும்.
வெளியே பெஞ்சில் அடுத்த ஆள் காத்திருந்தார்.
"வாங்க" என்ற குரலில் எதுவும் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது.
நான் ஆறாம் நம்பர், பக்கத்திலேயே.

தகட்டில் இடம் போதவில்லை.
ஆஸ்பத்திரி பெயர் ஒரு வரி, டிரஸ்ட் ஒரு வரி,
சேர்மன் பட்டங்களோடு ஒன்றரை வரி.
கேட்ட அளவில் வெட்டினால்
சிஸ்டருக்கு எறும்பெழுத்துதான் மிஞ்சும்.
தொழில் தெரிந்தவன் நான்.
சேர்மனை எறும்பாக்கினேன்.

'சிறந்த' வரும்போது மெஷினை நிறுத்தினேன்.
இருபது தகட்டிலும் அதே சொல்,
கை தானாகவே வெட்டிப் பழகிய சொல்.
வேறொன்று யோசித்தேன், ஒரு டீ ஆறுகிற நேரம்.
வரவில்லை.
வெட்டினேன். ஆர்டர் ஆர்டர்தான்.

பில்லில் இருபத்தெட்டு ரூபாய் குறைகிறதே என்று
ஆபீஸ் பையன் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான்.
"கணக்கு சரிதான் தம்பி" என்றேன்.

செவ்வாய்க்கிழமை
ஷீல்டு மருந்து அலமாரி மேல் நின்றது.
அதன் கொம்பில் யாரோ
பிளாஸ்திரி உருளையை மாட்டியிருந்தார்கள்.
எழுத்து எப்படி இருக்கு சிஸ்டர் என்று
கேட்க வாயெடுத்தேன்.
"முதல்ல எடை" என்றார்.