ஆறு சென்டிமீட்டர் தண்ணீர்

பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஜூலைக் குளிர். விடியற்காலை மூன்றரை.
ஜெல்லை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குகிறேன்.
ஒரு சொட்டுச் சில்லிப்பு போதும்
தொள்ளாயிரத்துப் பத்து கிராம் துடித்துச் சுருங்கிவிடும்.

பிறந்து இரண்டு நாள். பெயரில்லை.
அட்டையில் ‘துலிசிலேயின் ஆண்’.
யாரோ பின்னிய மஞ்சள் குல்லாய்,
அதில் ஊக்கு குத்தி நிறுத்திய குழாய்கள்,
மூக்கில் இரண்டு மென்முனைகள்.
தொண்டைக்குள் எதுவும் இறங்கவில்லை.
மூச்சை அவனேதான் இழுக்கிறான்.
விடும்போது நுரையீரல் ஒட்டிக்கொள்ளாதபடி
காற்று கொஞ்சம் முட்டுக்கொடுக்கிறது,
அவ்வளவுதான்.

குழாயின் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள்.
குடுகுடு, குடுகுடு.
சோறு கொதிக்கிற சத்தம் என்பாள் சிஸ்டர் மோகி,
நைட் டூட்டி முழுக்கப் பசிக்குது என்பாள்.

நள்ளிரவில் ஐந்தை ஆறாக்கினார்கள்.
ஒரு சென்டிமீட்டர்.
சுண்டுவிரல் நகத்தளவு தண்ணீர்.
மார்பு நிமிர்ந்தது.
நிமிர்ந்த மார்புக்குள்
தலையிலிருந்து இறங்கும் ரத்தத்துக்கு
இதயம் வரை வழி இருக்கிறதா, நெருக்கடியா,
அதைப் பார்க்கத்தான் என்னை எழுப்பினார்கள்.

விலாவின் கீழ் முனையை வைக்கிறேன்,
ஈரத் தபால்தலையைத் தொடுவதுபோல.
திரையில் சிவப்பு எழுகிறது.
தையல் வலியோடு துலிசிலே எழுந்துவிட்டாள்.
ரத்தம் கசிகிறதா?

இல்லை. இந்த இயந்திரத்துக்கு நிறம் என்றால் திசை.
என்னை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப்போனால் நீலம்.
இதைச் சொல்ல என் ஜூலு போதாது.
‘லியாபூயா’ என்றேன். திரும்பி வருது.
அந்தச் சொல்லை அவள்
உதட்டால் மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

முதல் அலையை அளந்தேன்.
இரண்டாவதில் கோடு போடும்போது
கரண்ட் போனது.

திரை அணைந்தது.
எங்கோ கீழே ஜெனரேட்டர் இருமியது, எழவில்லை.
முனையின் அடியில் வெறும் தோல்.
இத்தனை வருடம் கண்ணாக இருந்த கை
சும்மா கையாகிவிட்டது.
யாரும் பேசவில்லை.

குடுகுடு, குடுகுடு.

சுவர்க்குழாயில் தேங்கிய காற்று
கரண்டைப் பற்றிக் கவலைப்படவில்லை.
துலிசிலே கைபேசி விளக்கைப் பாட்டில்மேல் பிடித்தாள்.
குமிழிகள் முண்டியடித்து மேலே வந்தன.
எட்டு நிமிடம் அந்த அறையில்
பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

பிறகு எல்லாம் பளிச்சென்று வந்தது, சிஸ்டரின் கொட்டாவி உட்பட.
இயந்திரம் முதலிலிருந்து ஆரம்பித்தது.
நோயாளி பெயர்?
அவளைப் பார்த்தேன்.
பொறு, என்று கை காட்டினாள்,
கண்ணைப் பாட்டிலிலிருந்து எடுக்காமல்.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
ஜெல் ஆறிப்போயிருந்தது.
மறுபடி உள்ளங்கையில் எடுத்தேன்.