பெருக்கல் குறி

பெட்டியில் இருநூற்றுப் பதினொரு தபால் அட்டைகள்.
கூடவே, முதுகு பிய்ந்த ஒரு கணக்குப் புத்தகம்.
நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில்
வெந்நீர்க் குழாய் முனகும் அறையில்
எண் போட்டு, உறையிலிட்டு,
‘படத்தில் இருப்பது’ என்ற கட்டத்தை நிரப்புவது என் வேலை.
செவ்வாய், வியாழன். சம்பளம் கிடையாது.

கெல்சோ துறை என்பது
அப்பலாச்சிய மலை கொஞ்சம் கால் மாற்றி உட்கார்ந்ததில்
ஆற்றுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
சிக்கிக்கொண்ட ஒரே தெரு.
ஆறு இங்கே ஒருநாளும் நீலமாய் ஓடியதில்லை.
நிலக்கரி கழுவிய தண்ணீர்; மழை பெய்தால் காப்பி நிறம்.
அட்டையில் மட்டும் மயில்கழுத்து நீலம்.
கடலுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில்
சாயம் ஏற்றியவனிடம் யார் போய்ச் சொல்வது?

முன்பக்கங்களில் ஊர் குளித்துத் தலைவாரி நிற்கிறது.
புது நீதிமன்றம், மெதடிஸ்ட் சர்ச்,
தொங்கு பாலத்தில் தொப்பி போட்ட பதினேழு பேர்
(ஒருவன் அசைந்துவிட்டான், அவனுக்கு இரண்டு தலை).
திருப்பினால்தான் வாய் திறக்கிறது:
‘லூதருக்குப் பல் பிடுங்கியாச்சு.’
‘நான் தந்த அரை டாலரைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.’
‘இந்தப் படகு அல்ல. இதைவிடப் பெரிசு.’

பிறகு அந்தக் குறி.
எல்லோரும் போட்டிருக்கிறார்கள், பென்சிலால், படத்தின் மேலேயே.
‘பெருக்கல் குறி போட்டது எங்கள் வீடு.’
ஒருத்தி அடர்ந்த காட்டின் நடுவே போட்டுவிட்டு
‘மரத்துக்குப் பின்னால் இருக்கிறது, நம்பு’ என்கிறாள்.
நம்பினேன்.

பதிமூன்றாம் வருஷம், மார்ச் மாதம்.
ஆறு தெருவுக்குள் வந்து மாடிப்படி ஏறிப் பார்த்தது.
எனோஸ் ராட்லிஃப் ரயில் நிலைய ஜன்னலில்
முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு
எடுத்த படம்: சமையலறைக் கூரை மேல் ஒரு பெண்.
புருஷனின் கோட்டு. அவிழ்ந்த கூந்தல். வெறுங்கால்.
பிள்ளையை அணைப்பதுபோல் மடியில் ஒரு தையல் மெஷின்.
‘வெள்ளக் காட்சி, எண் ஆறு.’ ஐந்து சென்ட்.
நின்ற ரயிலெல்லாம் கையை நீட்டி வாங்கியது.

மீதியைக் கணக்குப் புத்தகம் சொல்கிறது.
ஏப்ரல் நான்கு: திருமதி கட்லிப், நாற்பது அட்டை.
ஏப்ரல் ஒன்பது: எண் ஆறு, மேலும் ஐம்பது அச்சு.
ஏப்ரல் பதினொன்று: திருமதி கட்லிப், ஐம்பது அட்டை.
ஓரத்தில் எனோஸின் குஷியான கோடு, இரண்டு தடவை.
இத்தனை ஓடிய அட்டை அவனுக்கு வேறில்லை.
அவள் எரித்தாளா, ஆற்றிலேயே விட்டாளா,
அதற்குப் பற்று வரவு இல்லை.

மே மாதம் ஒரே ஒரு வரி.
‘எண் ஆறு, கண்ணாடித் தகடு: திருமதி கட்லிப்புக்கு.
வரவு: கம்பளிக் கோட்டு ஒன்று, தைத்தது, என் அளவுக்கு.’
எந்த மெஷினில் தைத்தாள் என்று எழுதவில்லை.
எழுத வேண்டுமா என்ன.

அப்படியும் ஒன்று தப்பியிருக்கிறது.
நூற்று எழுபத்து நான்கு.
ஒஹாயோவிலிருக்கும் அக்காளுக்கு, அவளே அனுப்பியது.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
அட்டை கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு பெருக்கல் குறி.
பின்னால் இரண்டே வாக்கியம்:
‘குறி போட்டது நான்.
மெஷின் நனையவில்லை.’

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.
காகிதத்தின் நார்தான் தெரிந்தது.
சாய்த்து, விளக்கைத் தள்ளி வைத்துப் பார்த்தேன்.
இது எனக்கு வேண்டாத வேலை என்று தோன்றக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

டெல்ஃபியா என்ற அவள் பெயரை
இங்கே உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.
கட்டத்தில் இப்படி எழுதினேன்:
கூரை. தையல் மெஷின், ஒன்று. பாதம், இரண்டு.
நூற்று எழுபத்தைந்து ஒரு கோவேறு கழுதை.
அது நேராக என்னைப் பார்க்கிறது.